புள்ளியில நிறுத்தணும்

போன டிசம்பர்ல ஏற்காட்டுக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் கம்பளிக்குள்ள ஒடுங்குன நேரத்துல சித்தி பீரோ மேல இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்ன இறக்கி என் மடியில வச்சாங்க. தொறந்து பாத்தா உள்ள பூரா அறுகோணத் துணி. ஒவ்வொண்ணும் ரெண்டு இஞ்ச் தான் இருக்கும், பின்னாடி திருப்பினா உள்ள காகிதம் வச்சு ஓரத்த மடிச்சு பெரிய பெரிய தையலா ஓட்டியிருக்கு. காகிதம் எல்லாம் பழைய கிறிஸ்துமஸ் கார்டு, காலண்டர் தாள், ஒண்ணுல மட்டும் யாரோ கணக்குப் போட்ட பரீட்சைப் பேப்பர். சித்தி பாவாடை தாவணி காலத்துல கான்வென்ட் சிஸ்டர்ங்ககிட்ட கத்துக்கிட்டது. கல்யாணம், குழந்தைங்க, எஸ்டேட் வேலைன்னு ஓடிப்போச்சு, டின்னு மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்திருக்கு. எண்ணிப் பாத்தேன், 146 இருந்துச்சு, அதுல 5 பூ சேத்து முடிச்சிருந்தாங்க, ஒரு நடு, சுத்தி ஆறு இதழ்.

நான் சேலம் அம்மாபேட்டையில 22 வருஷமா ப்ளவுஸ் தைக்கிறவ. கைவேலைய பாத்தா கை சும்மா இருக்காது. "சித்தி, இத மெஷின்ல தச்சா ஒரு போர்வையே முடிச்சிடலாமே"ன்னு கேட்டேன். சித்தி தலைய ஆட்டிட்டு, "மெஷின்ல இது வராது கண்ணு, மூலை உக்காராது, குவிஞ்சுக்கும்"னு சொன்னாங்க. சொன்னது என்னமோ சாதாரணமாத்தான், ஆனா மலை இறங்கி வர்ற வழி பூரா எனக்கு அதே நெனப்பு. ஏன் வராது? புட்டா கை, பஃப் கை, பிரின்சஸ் கட், போட் நெக், வளைஞ்சதெல்லாம் இந்த மெஷின்ல தானே வருது, அப்புறம் ஆறு நேர்கோடு ஏன் வராது?

வரும். வந்துச்சு. அத எப்படின்னு யாராவது எனக்கு முன்னாடியே தமிழ்ல சொல்லியிருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும், அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

அறுகோணம்னா கையால தான்ங்கற எண்ணம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. காகிதத்த உள்ள வச்சு மடிச்சு தைக்கிற முறை இங்கிலாந்துப் பக்கம் இருந்து வந்தது, அமெரிக்காவுல கோடீஸ் லேடீஸ் புக்னு ஒரு பத்திரிகை 1835லயே அறுகோண ஒட்டுத்துணி மாதிரிய அச்சுல போட்டிருக்கு. தையல் மெஷின் வீடுகளுக்குள்ள வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அப்புறம் 1930கள்ல அங்க பஞ்சம் மாதிரி பணக்கஷ்டம் வந்தப்ப பழைய துணி, மாவு மூட்டைத் துணின்னு கெடச்சத வெட்டி வீட்டுக்கு வீடு இந்தப் பூப் போர்வை தச்சிருக்காங்க, அதுக்கு 'பாட்டியோட பூந்தோட்டம்'னு பேரு. அப்படி கையோட கையா வளந்த வேலைங்கறதால அந்த நம்பிக்கையும் கூடவே வந்து ஏற்காடு கான்வென்ட் வரைக்கும் ஏறியிருக்கு.

சரி, பிரச்சன எங்க இருக்குன்னு சொல்றேன். சதுரத்துண்டா இருந்தா கவலையே இல்ல, ரெண்ட சேத்து வரிசை, வரிசைய வரிசையோட சேத்து ஒரே ஓட்டு, மெஷின் இந்தப் பக்கம் ஏறுனா அந்தப் பக்கம் இறங்கிடும். அறுகோணத்துல அப்படி ஒரு நேர் ரோடு கிடையாது. எங்க போனாலும் மூணு துண்டு ஒரு எடத்துல முட்டும், ஒரு மூலைக்கு 120 டிகிரி, மூணு சேந்தா 360, அதனாலதான் தரையில போட்டா இடுக்கு இல்லாம தேனடை மாதிரி ஒட்டிக்குது. ஆனா தைக்கும்போது முதல்ல ரெண்ட சேத்துட்டு மூணாவத அந்த வாய்க்குள்ள சொருகணும். இங்கிலீஷ் எழுத்து ஒய் மாதிரி இருக்கறதால இத ஒய் தையல்னு சொல்றாங்க. நாம தையல் கத்துக்கிட்ட முதல் நாள்ல இருந்து ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் தச்சே பழகினவங்க, துணி முடியற வரைக்கும் கால் பெடல விடாது. அந்தப் பழக்கத்தோட ஒய் தையல் போட்டா மூலையில துணி கட்டிக்கிட்டு சித்தி சொன்னது தான் நடக்கும், குவிஞ்சுக்கும்.

முதல்ல அச்சு. பொண்ணோட ஜியாமெட்ரி பாக்ஸ எடுத்து ரெண்டு இஞ்ச் ஆரத்துல ஒரு வட்டம் போட்டேன், காம்பஸ் அளவ மாத்தாம வட்டத்து மேலயே முள்ள வச்சு வச்சு நகத்துனா சரியா ஆறு தடவையில கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கும், அந்த ஆறு புள்ளிய சேத்தா அறுகோணம். ஒரு பக்கம் ரெண்டு இஞ்ச். இத நம்ம ஸ்கூல்ல எல்லாரும் பண்ணியிருப்போம், ஆனா கையில துணி இருக்கும்போது அது புதுசா தெரியுது. அதச் சுத்தி கால் இஞ்ச், அதாவது நம்ம கடை பாஷையில ரெண்டு நூல், தையலுக்கு விட்டு வெளிக்கோடு போடணும். எதிரெதிர் பக்கத்துக்கு நடுவுல அளந்தா கிட்டத்தட்ட நாலு இஞ்ச் வரும், ஒரு மயிரிழை தான் கம்மி. ப்ளவுஸ் வெட்டுன பிட்டுல நாலு இஞ்ச் பட்டை அநேகமா எல்லாத்துலயும் கெடைக்கும், அதான் இந்த அளவ எடுத்தேன்.

அட்டையில அச்சு வெட்டுனா பத்து துண்டு வரையறதுக்குள்ள முனை மழுங்கிடுது. எங்க மாமியாரோட பழைய முழங்கால் எக்ஸ்ரே ஃபிலிம் ஒண்ணு இருந்துச்சு, அத வெட்டுனேன். கெட்டி, மழுங்காது, அதுக்கு மேல கீழ இருக்கற துணியோட இழை ஓடற திசை மங்கலா தெரியும், பாவு நூலுக்கு நேரா ஒரு பக்கத்த வச்சு வெட்ட முடியும். கடைசியா ஊசிய அடுப்புல காட்டி சூடு பண்ணி உள்கோட்டு மூலைங்க ஆறுலயும் ஆறு ஓட்டை போட்டேன். அந்த ஓட்டை வழியா பென்சில் முனைய விட்டு துணியோட பின்பக்கத்துல ஆறு புள்ளி வைக்கணும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு. சலிப்பா இருக்கும். ஆனா இந்த வேலையோட உயிர் அந்தப் புள்ளி தான், அத விட்டுட்டு எதுவும் நடக்காது.

துணிக்கு நான் எங்கயும் போகல. கடையில சேர்ற பிட்டு தான், பாப்ளின், டூ பை டூ, கொஞ்சம் கலம்காரி, ஒரு சுங்குடி. மிச்சத் துணிய கேட்டு வாங்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க, விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க, ஆனா நான் விட்டுட்டுப் போனவங்களையும் கேட்டு தான் எடுத்தேன், "அக்கா, உங்க பச்சை பிட்டு ஒரு போர்வையில போகுது"ன்னா அவங்களுக்கும் சந்தோஷம். பட்டும் சேக்கல, பாலியஸ்டர் கலந்ததும் சேக்கல. ரெண்டு விதமான துணி ஒரே பூவுல இருந்தா தொவச்ச பிறகு ஒண்ணு சுருங்கும் ஒண்ணு சுருங்காது.

தொவைக்கறதுன்னு சொன்னதும் ஒண்ணு. வெட்டறதுக்கு முன்னாடி எல்லாத் துணியையும் தண்ணியில அலசி காய வச்சு தேச்சுக்கணும். நான் ஒரு அரக்கு சிவப்ப மட்டும் "இது நல்ல துணிதானே"ன்னு அலசாம வெட்டிட்டேன், சோதனைக்கு தச்ச ஒரு பூவ தண்ணியில போட்டப்ப பக்கத்துல இருந்த க்ரீம் இதழ் பூரா ரோஸ் ஆயிடுச்சு. சாயப்பட்டறைக்கு பக்கத்துல பொறந்து வளந்தவ நான். சேர்வராயன் மலையில பொறந்து வர்ற திருமணிமுத்தாறு எங்க ஊருக்குள்ள வரும்போது சாயக்கழிவுல நெறம் மாறி ஓடுனத சின்ன வயசுல இருந்து பாத்து மனசு வெந்தவ. எனக்கே அது தோணலங்கறது ரொம்ப வருத்தம். ஈரமான வெள்ளைத் துணியால தேச்சுப் பாத்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் டிசைன். எப்படி அடுக்கறதுன்னு பேப்பர்ல கட்டம் போட்டுப் பாத்தேன், வரல. அன்னைக்கு சாயங்காலம் வாசல் தெளிச்சு கோலப்பொடிய எடுத்தப்ப தான் பளிச்சுன்னு பட்டுச்சு, இது இடுக்குப் புள்ளிக் கோலம். ஏழு புள்ளி வச்சு, இடுக்குல இடுக்குல குறைச்சுக்கிட்டே நாலு வரைக்கும் போறோம்ல, 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. இந்த ஒட்டுப் போர்வையில நடுவுல ஒண்ணு, சுத்தி 6, அதச் சுத்தி 12, அதச் சுத்தி 18 வச்சா அதுவும் 37 தான், உருவமும் அதே தான்! ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறுகோணம். எங்க அம்மாவோட கோல நோட்ட எடுத்து அதுலயே கலர் பென்சில் வச்சு டிசைன் போட்டேன். நடுவுல ஒரு பெரிய 37 பூ, சுத்தி சின்னப் பூ, இடையில வெள்ளை. மொத்தம் 30 வரிசை, வரிசைக்கு 17, ஆக 510 துண்டு. இடுக்குப் புள்ளி போடத் தெரிஞ்ச கைக்கு இந்த அடுக்கு ஏற்கனவே தெரியும், புதுசா கத்துக்க வேண்டியது தையல் மட்டும் தான்.

இப்ப தையல். ரெண்டு துண்ட முகத்தோட முகம் வச்சு, முதல் புள்ளியில குண்டூசிய செங்குத்தா குத்தி அது கீழ் துண்டோட புள்ளியில தான் வெளிய வருதான்னு திருப்பிப் பாக்கணும், அடுத்த புள்ளியிலயும் அதே. ஊசிய கைச்சக்கரத்தால இறக்கி சரியா முதல் புள்ளியில நிறுத்தி ஆரம்பிக்கணும், ரெண்டு தையல் முன்னாடி, ரெண்டு பின்னாடி, பூட்டிக்கிச்சா, அப்புறம் நேரா அடுத்த புள்ளி வரைக்கும், அங்கயும் பூட்டி நிறுத்து. அதுக்கு மேல துணி கால் இஞ்ச் இருக்கும், கை பரபரக்கும், ஒரு தையல் கூட அந்தப் பக்கம் போகக்கூடாது. தையல் சின்னதா இருக்கணும், இஞ்ச்சுக்கு 12 மாதிரி. ப்ளவுஸுக்கு போடற 14ஆம் நம்பர் ஊசிய கழட்டிட்டு 11 போட்டேன், மெல்லிசு காட்டன்ல 14 போட்டா மூலையில ஓட்டை தெரியுது.

மூணாவது துண்டு வரும்போது முதல்ல தச்ச ரெண்டோட விளிம்புத் துணிய விரலால ஒதுக்கி வழி விட்டுட்டு ஒரு பக்கம் புள்ளி வரைக்கும் வரணும், ஊசிய துணிக்குள்ளயே இறக்கி வச்சு, துணிய அழுத்திப் பிடிக்கிற ஃபுட்ட தூக்கி, துணிய திருப்பி, அடியில மடிப்பு எதுவும் மாட்டலன்னு விரல விட்டுத் தடவிப் பாத்துட்டு ஃபுட்ட இறக்கி அடுத்த பக்கம். அந்த தடவிப் பாக்கறத நூத்துக்கு ஒரு தடவ விட்டா அந்த ஒரு தடவ மாட்டியிருக்கும்.

என்கிட்ட ரெண்டு மெஷின். மோட்டார் வச்சது ஒண்ணு, எங்க அம்மா காலத்து மிதி மெஷின் ஒண்ணு. மோட்டார்ல ஆரம்பிச்சேன், ரெண்டே இஞ்ச் தையலுக்கு அது சரிப்படல, கால் பட்டதும் பறக்குது, புள்ளியத் தாண்டி ரெண்டு தையல் போயிடுது. மிதி மெஷினுக்கு மாறுன பிறகு தான் எனக்கு மூச்சு வந்துச்சு. கடைசி மூணு தையல பெடல விட்டுட்டு கைச்சக்கரத்துல போடலாம், ஊசி எங்க நிக்கணும்னு நெனைக்கறோமோ அங்க நிக்கும். இன்னொண்ணு, பழைய மெஷின்ல ஊசித் தட்டுல ஓட்டை ரொம்ப சின்னது, அதனால துணி மூலைய கீழ இழுத்து கடிக்காது. வீட்டுல மூலையில துணி மூட்டை வைக்கிற மேசையா கெடக்கற மிதி மெஷின் யார்கிட்டயாவது இருந்தா தயவு செஞ்சு எடைக்குப் போடாதீங்க, எண்ணெய் விட்டு பெல்ட்ட மாத்துங்க.

முதல் பூ கிண்ணம் மாதிரி வந்துச்சு. நெஜமாவே குழிஞ்சு, மேசையில வச்சா எலுமிச்சம்பழம் வைக்கலாம் போல. புள்ளியில எல்லாம் சரியாத்தான் நிறுத்தியிருந்தேன், அப்புறம் ஏன்? ராத்திரி உக்காந்து பிரிச்சு அளந்தேன். இதழுக்கும் இதழுக்கும் நடுவுல இருக்கற தையல் ரெண்டு நூலுக்கு பதிலா ரெண்டரை நூல் போயிருக்கு. அரை நூல் தானே! ஆனா ஒரு தையல்ல ரெண்டு துண்டுலயும் அரை அரை, ஆக ஒரு நூல், அந்த மாதிரி ஆறு தையல், ஆறு நூல், முக்கால் இஞ்ச் துணி சுத்தளவுல காணாமப் போச்சு. நடு மட்டும் முழு அளவுல இருந்தா குழியாம என்ன பண்ணும்? அதே தையல் கம்மியா பிடிச்சா எதிர்மாறா ஓரம் அலை அலையா பாவாடை கொசுவம் மாதிரி வரும். ப்ளவுஸ்ல அரை நூல் முன்ன பின்ன போனா ஒரு கொக்கிய நகத்தி சரி பண்ணிடலாம், உடம்பும் மன்னிச்சிடும், இங்க வடிவ கணக்கு மன்னிக்காது. ஊசித் தட்டு மேல ஊசியில இருந்து சரியா ரெண்டு நூல் தள்ளி பேண்டேஜ் பிளாஸ்திரிய நாலு அடுக்கா ஒட்டி ஒரு மேடு பண்ணேன், துணி ஓரம் அந்த மேட்டுல உரசிக்கிட்டே போகும். அதுக்கப்புறம் ஒரு பூ கூட குழியல.

சித்தி தான் மூலை உக்காராதுன்னு சொன்னாங்க, அந்த மூலைய பத்தி சொல்லணும். மூணு தையல் வந்து சேர்ற எடத்துல தைக்காம விட்ட கால் இஞ்ச் துணி மூணு துண்டுலயும் சும்மா நிக்குதுல்ல, அயர்ன் பண்ணும்போது மூணு விளிம்பையும் ஒரே பக்கமா, கடிகாரம் சுத்தற திசையில சாய்ச்சுத் தேச்சா அந்த சும்மா நின்ன துணி தானா விரிஞ்சு ஒரு சின்னக் காத்தாடி மாதிரி படுத்துக்கும். சுண்டு விரல் நகத்தளவு கூட இருக்காது. முதல் தடவ அது விரிஞ்சப்ப அயர்ன் பாக்ஸ கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். பின்பக்கம் பூரா, ஒவ்வொரு சந்திப்புலயும் ஒரு காத்தாடி, யாருக்கும் தெரியாத ஒரு டிசைன். முன்பக்கம் திருப்பினா மூலை காகிதம் ஒட்டுன மாதிரி சப்பையா உக்காந்திருக்கு. ஒரே ஒரு தையல் புள்ளியத் தாண்டிப் போயிருந்தாலும் அந்தக் காத்தாடி விரியாது, துணி அங்க மாட்டிக்கிட்டு முன்பக்கம் சின்னதா ஒரு சுருக்கு விழும். எங்க தைக்கலங்கறது தான் மூலைய உக்கார வைக்குதுன்னு எனக்கு அன்னைக்குத் தான் புரிஞ்சுது.

பூவா சேக்கறது ஒரு வழி, வரிசையா சேக்கறது ஒரு வழி. நான் நடுப் பூவ மட்டும் பூவா தச்சுப் பழகிட்டு, அப்புறம் அதையும் பிரிச்சு எல்லாத்தையும் வரிசை வரிசையாவே தச்சேன், ஏன்னா பெரிசாக பெரிசாக பூவ பூவோட சேக்கறப்ப துணிப் பொதி கையில நிக்க மாட்டேங்குது. வரிசைக்குள்ள 16 தையல், அது சுலபம். வரிசைய வரிசையோட சேக்கறப்ப தான் ஏற்காடு ரோடு. மேல கீழ மேல கீழன்னு 33 பக்கம், நடுவுல 32 திருப்பம், ஒவ்வொரு திருப்பத்துலயும் நிறுத்தி, ஊசிய இறக்கி, தூக்கி, திருப்பி. மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, டிரைவர் ஒவ்வொண்ணுலயும் கியர மாத்தி ஒரு நிமிஷம் நிதானிச்சு தான் ஸ்டியரிங்க ஒடிப்பாரு, அவசரப்பட்டு ஒடிக்கிற எடத்துல என்ன ஆகும்னு கீழ அடிவாரத்துல இருக்கற எங்களுக்கு நல்லாவே தெரியும். அந்த நிதானம் தான் இதுக்கும். முதல் சேர்ப்புக்கு மூணு மணி நேரம் ஆச்சு, கடைசி பத்து சேர்ப்பு ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது.

கணக்கு போட்டுப் பாத்தேன். மொத்தம் 1437 பக்கம், ஒவ்வொண்ணும் ரெண்டு இஞ்ச், நீட்டி வச்சா 73 மீட்டர் தையல். அத்தனையும் ரெண்டு ரெண்டு இஞ்ச்சா நின்னு நின்னு.

பாதி அறுகோணமா வெட்டித் தைக்கிற முறை ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லாம விட்டா தப்பு. அறுகோணத்த நடுவுல ரெண்டா பிளந்த மாதிரி துண்டு வெட்டி, நேர் வரிசையா தச்சு, வரிசைய வரிசையோட ஒரே ஓட்டா சேத்துட்டா அறுகோணம் தானா உருவாகிடும், திருப்பமே கிடையாது. புதுசா தைக்கறவங்களுக்கு, குழந்தைக்கு அவசரமா ஒண்ணு வேணும்னா, அது நல்ல வழி. நான் ஆறு வரிசை தச்சுப் பாத்தேன். எனக்கு மனசு ஒப்பல. ஒவ்வொரு பூவோட வயித்துலயும் குறுக்க ஒரு தையல் ஓடுது, கலம்காரியில ஒரு மயில் முழுசா கெடைச்சா அத ரெண்டா வெட்டணும்.

மேல் துணி முடிஞ்ச பிறகு நடுவுல வைக்கிற பஞ்சு ஷீட். ஒரு கடையில சுத்தமான காட்டன்னு சொல்லி, காட்டன் விலையே வாங்கிட்டு குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஓரத்துல ஒரு துளி பிச்சு தீக்குச்சி காட்டுனேன், உருகி கருப்பு உருண்டையா சுருண்டுச்சு. காட்டன்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகணும். திருப்பிக் குடுக்கப் போனா வெட்டுன பீஸ வாங்க மாட்டோம்னுட்டாங்க. வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு இழைய கேட்டு வாங்கி எரிச்சுப் பாருங்க, சங்கடப்படாதீங்க. அப்புறம் ஈரோட்டுல இருந்து தெரிஞ்சவங்க மூலமா நல்ல காட்டன் ஷீட் வந்துச்சு. அடிப்பக்கத்துக்கு காடா துணி, ரெண்டு அகலம் ஒட்டுப் போட்டு.

மூணையும் தரையில விரிச்சு இழுத்து, கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஊக்குன்னு மாட்டுனேன், ஊக்கு மட்டும் முந்நூறு கிட்ட. எங்க ஆயா பழைய நூல் சேலைய நாலா மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு குழந்தைங்களுக்கு விரிப்பு தைக்கும்போது இப்படித்தான் தரையில மண்டி போட்டு நீவி விடுவாங்க, எனக்கு அந்த முதுகு ஞாபகம் வந்துச்சு. மேல் துணியையும் கீழ் துணியையும் ஒண்ணா நகத்தற வாக்கிங் ஃபுட் மாட்டி, ரெண்டு பக்கமும் பாய் சுருட்டற மாதிரி சுருட்டி, நடுவுல இருந்து வெளிய வெளியன்னு நேர்கோடா அடிச்சேன். அறுகோண வரிசை மூணு திசையில ஓடும், அந்த மூணு திசையிலயும் நடுப்புள்ளி வழியா கோடு அடிச்சா மேல முக்கோணம் முக்கோணமா விழுந்து பாக்க அவ்வளவு நிறைவா இருக்கு. அதுக்கு தையல் கொஞ்சம் பெரிசு, இஞ்ச்சுக்கு 8. போர்வையோட கனம் ஊசிய இழுக்கும், அதனால மேசைக்கு பின்னாடி இன்னொரு மேசை போட்டு வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்னு தாங்கிப் பிடிச்சாரு. மூணு ஞாயித்துக்கிழமை.

ஓரத்துல பல்லு பல்லா நிக்கற அறுகோணங்கள நேரா வெட்டி சதுரப்படுத்துனேன், வெட்டறதுக்கு முன்னாடி கோட்டுக்கு உள்பக்கமா சுத்திலும் ஒரு தையல் ஓட்டிக்கிட்டேன், இல்லன்னா தையல் எல்லாம் வெட்டுன எடத்துல இருந்து வாய் விடும். முடிஞ்ச அளவு நாலே முக்கால் அடி அகலம், ஏழடிக்கு மேல நீளம்.

பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஆர்டர் குவியறதுக்கு முன்னாடி முடிக்கணும்னு இருந்தேன், ஓரப்பட்டிய முன்பக்கம் மட்டும் மெஷின்ல அடிச்சு முடிச்சப்ப ஆர்டர் வர ஆரம்பிச்சிடுச்சு. பட்டிய பின்பக்கம் மடிச்சு கைத்தையல் போடற வேலை பாக்கி. அப்படியே மடிச்சு பையில போட்டு பஸ் ஏறிட்டேன்.

சித்தி வாசல்ல வெயில் பக்கமா நாற்காலிய போட்டு உக்காந்து கண்ணாடிய மாட்டிக்கிட்டு போர்வைய மடியில வாங்குனாங்க. முதல்ல முகத்த பாக்கல, ஒரு மூலைய கட்டை விரலால தேச்சாங்க. அப்புறம் அடுத்தது. அப்புறம் தள்ளி ஒண்ணு. இருபது மூலையாவது பாத்திருப்பாங்க, நான் அடுப்புல பால் வச்சுட்டு கதவோரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

"பின்னாடி எப்படி இருக்கும்? மூடிட்டியே."

நான் பையில இருந்து சோதனைக்கு தச்ச அந்த ரோஸ் ஏறுன பூவ எடுத்துக் குடுத்தேன். திருப்பிப் பாத்தாங்க. காத்தாடிய நகத்தால நிமித்தி, மறுபடி படுக்க வச்சு, "இங்க தைக்காம விட்டுட்டியா"ன்னாங்க.

"ஆமாங்க சித்தி. புள்ளியோட நிறுத்திட்டேன்."

"ம்" னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "நல்லாத்தான் உக்காந்திருக்கு. ஆனா கண்ணு, இத நீ மெஷின் முன்னாடி உக்காந்தா தானே செய்ய முடியும். நான் பஸ்ல தச்சேன், கரண்ட் போன ராத்திரியில தச்சேன், உங்க சித்தப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப தச்சேன்" னாங்க.

அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. டின்னுல இருக்கற 146ம் எங்க எங்க உக்காந்து தச்சதுன்னு நான் கேட்டதே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் கேட்டேன். பரீட்சைப் பேப்பர் யாரோடதுன்னும் சொன்னாங்க, அவங்க தங்கச்சியோடது, அதாவது என் சின்ன சித்தியோடது, கணக்குல 31 மார்க்.

ஓரப்பட்டிய நானே தச்சுக்கறேன்னு சித்தி போர்வைய வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஒன்பது நாள் ஆச்சுன்னு போன்ல சொன்னாங்க. இந்த டிசம்பர்ல போனப்ப போர்வை அவங்க கட்டில்ல இருந்துச்சு, ராத்திரி ரெண்டு பேரும் அதுக்குள்ள தான் படுத்தோம். காலையில மடிக்கும்போது பாத்தேன், சுத்திலும் க்ரீம் நூல்ல கண்ணுக்கே தெரியாத தையல், கால்மாட்டுல மட்டும் ஒரு முழம் நீளத்துக்கு பச்சை நூல். "க்ரீம் தீந்து போச்சு, கீழ இறங்கி வாங்க ஆள் இல்ல, பிரிச்சு வேற போட்டுக்கறியா"ன்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்.